கொதிக்க வைத்த தண்ணீர்

அண்ணன் கூப்பிட்டபோது நான் படகில் இருந்தேன். ஆறு கடலோடு சேரும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீர் மாதிரி எடுப்பதற்காக நாங்கள் குறித்து வைத்திருக்கும் மூன்றாவது இடம் அது. வலை உள்ளே இறங்கிவிட்டது. கயிறு ஒரு கையில். இன்னொரு கை உப்பும் சேறுமாக இருந்தது. கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்கண்ணே" என்றேன்.

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் சிக்னல் கிடைக்காது. தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிற மேட்டில் ஏறி நின்றுதான் பேசுவார்.

"பாப்பா, கோயில் குட்டைத் தண்ணி பச்சையா கெடக்கு. நாளைக்குக் காப்புக் கட்டுறோம். விரதத்துக்கு அதத்தானே குடிக்கணும். குடிக்கலாமா?"

எனக்கு ஐம்பது வயதாகிறது. அவருக்கு நான் கடைசிவரை பாப்பாதான்.

"நல்லா கொதிக்க வச்சுக் குடிங்கண்ணே. ஒண்ணும் ஆவாது," என்றேன்.

"அது போதும்லா. நீ சொல்லிட்டேல்ல, எல்லாருக்கும் சொல்லிடுறேன்."

அவ்வளவுதான். வலையை மேலே இழுத்தேன். நுனியில் இருந்த குப்பியில் தண்ணீர் மங்கலாக வந்தது. பெயர் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து மூடினேன். படகோட்டி மோட்டாரைக் கிளப்பினார். அந்தப் பேச்சு எவ்வளவு நேரம் நீடித்தது என்று பல வாரம் கழித்துக் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட இல்லை.

கடலைப் பற்றி எழுதுகிறீர்கள், சிப்பிக்காரர்களைப் பற்றி எழுதுகிறீர்கள், கேமரன் மலையில் பிறந்தவர் என்கிறீர்கள், மலையைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று வாசகர் ஒருவர் போன மாதம் உரிமையோடு கோபித்துக்கொண்டு எழுதியிருந்தார். நியாயமான கோபம். எழுதாததற்குக் காரணம் இருந்தது. இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

மலைப் பிள்ளைக்குக் கடல் வேலை

கடலை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பதினேழு வயது. அதுவரை எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ரிங்லெட் ஏரிதான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நன்றாக வந்தது. படிப்பு முடித்ததும், கடலோர ஊரில் ஒரு நீர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. அன்று சேர்ந்தவள்தான், இன்னும் அங்கேயே இருக்கிறேன்.

வேலை இதுதான். வாரத்துக்கு ஒரு நாள் படகில் போய் வலையால் கடல் தண்ணீரை வடிகட்டி எடுத்து வர வேண்டும். அதில் இரண்டு சொட்டு அயோடின் விட்டு, கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே எண்ண வேண்டும். எண்ணுவது பிளாங்டனை. கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரோடு மிதந்து திரியும் சின்னஞ்சிறு உயிர்கள். சில செடி வகை, சில பூச்சி வகை. கடலில் இருக்கிற மீன், இறால், சிப்பி எல்லாவற்றுக்கும் சோறு போடுவது இவைதான்.

அண்ணனுக்கு இதை விளக்கப் போய் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "அரசாங்கம் உனக்குச் சம்பளம் குடுத்து அழுக்குத் தண்ணிய எண்ணச் சொல்லுதா?" என்று கேட்டு லயத்தையே சிரிக்க வைத்தார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் தண்ணி டாக்டர். யார் வீட்டில் குழாய் கலங்கி வந்தாலும், "இரு, தங்கச்சியக் கேக்குறேன்" என்பார். கேலிதான். ஆனால் அதற்குள் ஒரு பெருமை இருந்தது. எங்கள் லயத்தில் பிறந்து ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

ஒருமுறை அவர் லீவில் என்னைப் பார்க்க வந்தபோது ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. டயாட்டம் என்று ஒரு வகை உண்டு. அதன் மேல்தோல் கண்ணாடியால் ஆனது. வட்டமாக, நட்சத்திரமாக, சங்கிலி கோத்த மாதிரி விதவிதமாக இருக்கும். "யாரு பாப்பா இதுக்கெல்லாம் கோலம் போட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். நாற்பது வருஷம் தேயிலையில் மாடாக உழைத்த மனிதர், அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் தண்ணீர் போகும் வழி

எங்கள் மலையில் பெய்கிற மழை கிழக்கே பஹாங் பக்கம் ஓட வேண்டியது. மின்சாரத்துக்காக அணை கட்டி, மலையைக் குடைந்து, மேற்கே பேராக் பக்கம் திருப்பிவிட்டார்கள். அது இறங்கி இறங்கி, வேறு ஆறுகளோடு கலந்து, நான் வலை போடுகிற கடலுக்கு வந்து சேருகிறது. நான் பிழைக்க வந்த இடத்துக்கே எங்கள் ஊர்த் தண்ணீரும் வந்ததில் எனக்கு ஒரு காலத்தில் சந்தோஷம்கூட இருந்தது.

மலையில் பெருமழை பெய்தால் சில நாளில் என் கண்ணாடியில் தெரியும். முதலில் சேறு. சேற்றில் வெளிச்சம் இறங்காது, டயாட்டம் குறையும். சேறு அடங்கி நல்ல வெயில் அடித்தால் அடுத்த கூத்து ஆரம்பிக்கும். திரிங்காப், கம்போங் ராஜா பக்கத்துத் தோட்டங்களில் காய்கறிக்கும் பூவுக்கும் போட்ட உரம், கோழி எரு எல்லாம் கரைந்து வந்திருக்குமே, அதைத் தின்று வேறு சில இனங்கள் கொழுக்கும். தண்ணீர் நிறம் மாறும். நல்லது பட்டினி கிடக்க, வேண்டாதது பெருகும். படுகை படுகையாகச் சிப்பிகள் வாய் பிளந்து சாகும்.

கோழி எரு போடுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் பள்ளித் தோழி ஒருத்தி பிரிஞ்சாங் பக்கம் தக்காளி போடுகிறாள். எரு போடாவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. கீழே சிப்பி எடுக்கிறவரும் அதே வயிற்றுக்காகத்தான் எடுக்கிறார். நடுவில் ஓடுகிற தண்ணீர் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறது. இதை நான் எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிப்பிக்காரர்கள் படகுத்துறையில் என்னைப் பார்த்ததும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். எண்ணிப் பார்க்காமல் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவர்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்ததுகூட உண்டு. யாரோ ஒருவரின் படுகைக்கு அவ்வளவு கவனம் வைத்திருந்தேன்.

கோயில் குட்டை

எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், மேட்டில் ஒரு குட்டை இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஓடையை மறித்து வெட்டியது. லயங்களுக்கு அரசாங்கக் குழாய் வந்து பல வருஷமாகிறது. அதனால் குட்டைத் தண்ணீரை இப்போது யாரும் சாதாரண நாளில் குடிப்பதில்லை.

திருவிழாவுக்கு மட்டும் அது வேண்டும். கரகம் அந்தக் குட்டைக் கரையில்தான் ஜோடிக்கப்படும். தீ மிதிக்கக் காப்புக் கட்டியவர்கள் மூன்று வாரமும் அந்தத் தண்ணீர்தான் குடிக்க வேண்டும், வீட்டுச் சோறும் அதில்தான் பொங்க வேண்டும். அதையும் தாங்களே விடிகாலையில் குளித்து, ஈரத் துணியோடு போய் மொண்டு வர வேண்டும். குழாய்த் தண்ணீர் எங்கிருந்தோ யார் யார் வீட்டையோ கடந்து வருகிறது, அது விரதத்துக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். தேத்தண்ணீரும் கூடாது. தேயிலையில் மண்டோராக, ஆட்களை மேய்த்து வேலை வாங்கும் அண்ணன், வருஷத்தில் மூன்று வாரம் தேத்தண்ணீர் வாசனையே படாமல் இருப்பார். அதற்குப் பதிலாகச் சுடுதண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடிப்பார். மலைக் குளிருக்கு வேறு என்ன செய்வது?

இப்போது எஸ்டேட்டில் தமிழ்க் குடும்பங்கள் ரொம்பக் குறைவு. கொழுந்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அந்த வருஷம் காப்புக் கட்டியவர்கள் ஆறு பேர்தான். இந்த ஆறு பேரையும் விட்டால் தீ மிதி நின்றுவிடும் என்ற கவலை அண்ணனுக்கு இருந்தது. அதனால்தான் தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்று ஒருவர் தயங்கியதும் எனக்குப் போன் போட்டிருக்கிறார். நான் சரி என்றால் அவர்கள் தயங்க மாட்டார்கள்.

குட்டைக்கு மேலே, எஸ்டேட் எல்லைக்கு அந்தப் பக்கம், முன்பு காடாக இருந்த சரிவு இப்போது பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம். அந்த மாசியில் மலையில் மழையே இல்லை. உரம் இறங்கிய தண்ணீர், ஓடாமல் தேங்கிய தண்ணீர், மேலே வெயில். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன வரும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீலப்பச்சைப் பாசி. கடலில் நான் எண்ணுவது வேறு இனங்களை என்றாலும், ஏரி குளங்களில் வருவதைப் பயிற்சியில் படித்திருக்கிறேன். அதில் சில வகைக்கு நஞ்சு உண்டு. அது கல்லீரலைத் தாக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இந்த நஞ்சு சாகாது. சூட்டில் பாசி உடைந்து, உள்ளே இருந்த நஞ்சு முழுக்கத் தண்ணீரில் இறங்கிவிடும். பார்க்கத் தெளிவாகவும் ஆகிவிடும்.

இது எனக்குத் தெரியும். தெரியாமல் சொன்னேன் என்றால்கூட மனசு கொஞ்சம் ஆறும்.

அப்படியானால் ஏன் சொன்னேன்? பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் வாரம் ஒருமுறை லயம் லயமாக வந்து, தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று கத்திவிட்டுப் போவார். வாந்தியா, பேதியா, காய்ச்சலா, எதுவானாலும் அவருக்கு அந்த ஒரு பேச்சுதான். எங்கள் அம்மாக்கள் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார்கள். அது பல உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறது. அண்ணன் லயத்துக் குரலில் கேட்டதும் எனக்குள் இருந்த லயத்துப் பிள்ளை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டாள். ஆய்வுக்கூடத்துக்காரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

மஞ்சள்

திருவிழாவுக்கு நான் வருஷா வருஷம் போய்விடுவேன். அந்த வருஷமும் போனேன். அண்ணன் கோயில் வாசலில் பூக்குழிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். விரதத்தில் எல்லோரும்தான் இளைப்பார்கள்.

மேலெல்லாம் மஞ்சள். காப்புக் கட்டியவர்கள் தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பார்கள், மஞ்சள் வேட்டி கட்டுவார்கள், கையில் மஞ்சள் கயிறு. மூன்று வாரத்தில் நகக்கண்கூட மஞ்சளாகிவிடும். "பிரிஞ்சாங் பாசார்ல இருந்த மஞ்சள் பூரா ஒங்க மேலதானா?" என்று கேலி செய்தேன். சிரித்தார். கண்ணும் மஞ்சளாகத்தான் இருந்தது. புகை, தூக்கமில்லை, விரதச் சூடு என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அந்த மூன்று வாரம் எங்கள் ஊரில் மஞ்சளாக இருப்பவனை யாரும் நோயாளி என்று நினைக்க மாட்டார்கள்.

சோறு இறங்கவில்லை என்று அண்ணி என்னிடம் சொன்னாள். அண்ணி பெயர் ராஜம்மா. அதிகம் பேச மாட்டாள், ஆனால் அண்ணன் தட்டில் மிச்சம் வைத்த ஒவ்வொரு பருக்கையும் அவளுக்குத் தெரியும். விரதத்தின் ஒரு வேளைச் சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்றாள். விரதம் முடிந்தால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். அன்றும் என் வார்த்தைதான்.

அண்ணன் தீயில் இறங்கினார். நிதானமாக நடந்தார். அக்கரையில் பால்குழியில் கால் வைத்ததும் கொஞ்சம் தள்ளாடினார், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அருள் என்று சொல்லி எல்லோரும் கும்பிட்டோம். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் மஞ்சள் நீராட்டு. ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடி, காப்பு அவிழ்த்து முடித்தார்கள். நான் மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் எனக்குப் படகு இருந்தது.

நடந்ததைப் பிறகு அண்ணி சொல்லித் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் அண்ணனைப் பின்பக்கம் உட்கார வைத்து, சுடுதண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். மஞ்சள் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். போகவில்லை. முதுகில், மஞ்சள் எட்டவே எட்டாத இடத்திலும் அதே நிறமாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கை நின்றிருக்கிறது.

ஒன்பது நாள்

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்து அன்றே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாள் இருந்தார். அண்ணனுக்கு இள வயதில் மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது. ஈரல் அப்போதே பழுதுபட்டிருக்கும், இப்போது கைவிட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை. குட்டைத் தண்ணீர் என் மனசில் வந்தது ஏழாவது நாள். வந்த உடனே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். குறித்துக்கொண்டார். இப்போது செய்கிற வைத்தியம்தான் அதற்கும் என்றார். அவர் குரலில் பெரிய நம்பிக்கை இல்லை.

மற்ற ஐந்து பேரில் இருவருக்கு வயிற்றுவலி வந்து தானாகப் போயிருக்கிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன் கடைசியாக என்னிடம் பேசியது நினைவு தெளிந்த ஒரு காலையில். என் வலையில் இந்த வாரம் என்ன வந்தது என்று விசாரித்தார். டயாட்டம் நிறைய வந்தது என்று பொய் சொன்னேன். அந்த வாரம் நான் படகுக்கே போகவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "நல்லா இருக்கட்டும்" என்றார்.

அஸ்தியைக் கடலில் கரைக்க வேண்டும் என்றார்கள். எந்தக் கடல் என்று யாரும் யோசிக்கவில்லை, தங்கச்சி ஊர்க் கடல் இருக்கிறதே என்றார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்துப் படகோட்டிதான் அழைத்துப் போனார். ஆழம் பார்த்து ஓரிடத்தில் நிறுத்தினார். மூன்றாவது இடம். அவருக்கு ஒன்றும் தெரியாது, பழகிய இடம் என்று நிறுத்தியிருக்கிறார். நானும் வேறு இடம் போகலாம் என்று சொல்லவில்லை. பானையைக் கவிழ்த்துவிட்டு அண்ணி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அதே இடத்தில் வலை இறக்க வேண்டியிருந்தது. இறக்கினேன். அது என் வேலை.

ஐந்து நிமிட வேலை

பதினாறாம் நாள் காரியத்துக்கு மலைக்குப் போனபோது பையில் இரண்டு குப்பி கொண்டுபோனேன். யாருக்கும் தெரியாமல் குட்டைக்குப் போய் நிரப்பினேன். ஓரத்தில் பச்சைச் சாயம் கொட்டியது போல ஆடை படிந்திருந்தது. காற்று ஒதுக்கிய மூலையில் அது தடித்து நின்றது. எங்கள் ஆட்கள் இறங்கி மொள்ளுகிற படிக்கட்டு அந்த மூலையில்தான் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சின்னச் சின்ன உருண்டைகள், கொத்துக் கொத்தாக, கண்ணாடி முழுக்க. பயிற்சிப் புத்தகப் படத்தில் பார்த்த அதே நஞ்சு வகை. எனக்கு எண்ணக் கை வரவில்லை. அண்ணன் ஒரு குப்பித் தண்ணீரை லாரிக்காரனிடம் கொடுத்து அனுப்பியிருந்தால் போதும். கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி லாரிகள் தினமும் கீழே வருகின்றன. அனுப்புங்கள் என்று நான் கேட்டிருந்தால் மறுநாளே அனுப்பியிருப்பார்.

அதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பழைய ஈரல் நோய் தானாகவும் முற்றியிருக்கலாம். மற்ற ஐந்து பேர் நன்றாக இருக்கிறார்களே. அதெல்லாம் சரி. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. முப்பது வருஷம் எண்ணி எண்ணிப் பழகியவளுக்கு, எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாத ஒன்று கடைசியில் இப்படி வந்து சேர்ந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். இருந்திருப்பேன். ஆனால் அடுத்த பங்குனியில் மறுபடி காப்புக் கட்டுவார்கள், மறுபடி அந்தப் படியில் இறங்கி மொள்ளுவார்கள், தண்ணி டாக்டர் சொன்னபடி கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். என் வார்த்தை அந்த லயத்தில் இன்னும் உயிரோடு இருந்தது. அதை நான்தான் போய் நிறுத்த வேண்டும்.

கோயில் தலைவரிடம் முதலில் சொன்னேன். குட்டையைச் சுற்றிக் கம்பி வேலி கட்டினார்கள். கரகத்துக்கும் விரதத்துக்கும் இனிமேல் ஓடையின் ஊற்றுக் கண்ணிலிருந்து, தோட்டங்களுக்கும் மேலே காட்டுக்குள் போய், எடுப்பது என்று முடிவானது. அதையும் நான் பார்த்துவிட்டுத்தான் சரி சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. சுகாதாரத் துறைக்கு எழுதிக் கொடுத்தேன், ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேலே உள்ள தோட்டம் அப்படியேதான் இருக்கிறது.

அண்ணி

அண்ணியிடம் சொல்வதுதான் பாக்கி இருந்தது. பிறர் சொல்லி அவள் காதுக்குப் போவதற்குள் நானே சொல்ல வேண்டும்.

முன் அறையில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் அண்ணன் படம், மாலை, சின்ன விளக்கு. தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "அண்ணி, நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். படத்தை ஒருமுறை பார்த்தாள்.

"இங்க வேணாம் சரசு. வெளிய வா. அவரு கேக்க வேணாம்."

அவளே என் கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துப் போனாள். கோயில் தலைவர் வீட்டிலிருந்து விஷயம் பாதி வந்திருந்தது போல. தங்கச்சி தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று அண்ணன் தெரிந்துகொள்ளக் கூடாது, அதுதான் அவள் கவலை. செத்துப்போன மனிதருக்காக அவள் அப்படிப் பார்த்துக்கொண்டது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நான் அங்கேயே, குளிக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாசி, நஞ்சு, கொதிக்க வைத்தால் என்ன ஆகும், எனக்கு அது தெரியும் என்பது, எல்லாம். அவளும் அதே தண்ணீரில் பொங்கிய சோற்றைத்தான் தின்றாள் என்பதால் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். பிறகு பார்த்தோம், அவளுக்கு ஒன்றும் இல்லை.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நீ என்ன வேண்டுமென்றா செய்தாய் என்று அவள் சொல்வாள், என் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அவள் திட்டினாலும் சரிதான், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

அண்ணி தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். பிறகு, என்னிடம் கேட்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னாள்.

"ஒரு கொதி போதும்னுதான் அவரு சொன்னாரு. ஒடம்பு முடியாத மனுசன், நல்லா கொதிக்கட்டும்னு நான்தான் தெனம் ரெண்டு தடவ கொதிக்க வச்சேன்."

என் பாரத்தை இறக்கி வைக்கப் போன இடத்தில், அதைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன். அவள் கையில் எந்தத் தப்பும் இல்லை என்று அன்றைக்கே நூறு தடவை சொன்னேன். இன்றைக்கும் போனில் சொல்கிறேன். சரி சரசு, சரி சரசு என்கிறாள்.

போன வாரம் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அடுப்பைப் பார்க்காமல், குழாயிலிருந்து அப்படியே பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைப்பதையே அவள் விட்டுவிட்டாள்.